ஹெட் மாத்தியாச்சு, அப்புறம்?

இரவு பத்தரை மணிக்கு மேல் வரும் போன்களில் பாதி இப்படித்தான் தொடங்கும். “அண்ணே, புது ஹெட் போட்டேன். மெஜந்தா ஒரு வரிசை அப்படியே வரலை. டூப்ளிகேட் ஹெட்டை நம்ம தலையில கட்டிட்டாங்க போலண்ணே.”

“சரி தம்பி, பழைய ஹெட்டை எதுக்கு மாத்தினே?”

கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. பிறகு மெதுவாக, “அதுலயும் மெஜந்தாதாண்ணே வரலை.”

அவ்வளவுதான். அடுத்தடுத்து இரண்டு ஹெட்டுக்கும் ஒரே நோய் என்றால், நோய் ஹெட்டில் இல்லை.

ஃப்ளெக்ஸ் கடைகளில் மெஷின் ஓட்டும் ஆபரேட்டர்களுக்கும், ஐடிஐயோ டிப்ளமோவோ முடித்துவிட்டு சர்வீஸ் லைனுக்கு வரலாமா என்று யோசிக்கும் பையன்களுக்கும் இதை எழுதுகிறேன். ஹெட்டைக் கழற்றி மாட்டுவதை ஒரே நாளில் கற்றுக்கொள்ளலாம். சில ஸ்க்ரூ, சில டேம்பர், சில கேபிள். உங்களுக்குச் சம்பளம் தருவது அதற்குப் பிறகு வரும் இரண்டு மணி நேரம்தான்.

நம் ஊர்களில் ஓடும் ஈகோ-சால்வென்ட் மெஷின்கள் பலவற்றில் இருப்பவை எப்சன் ஹெட்டுகள். எக்ஸ்பி600-ல் ஆறு வரிசை, வரிசைக்கு 180 நாசில், ஆக 1080. டிஎக்ஸ்5-ல் எட்டு வரிசை, 1440. ஐ3200-க்கு எண்ணிக்கை பெயரிலேயே இருக்கிறது. எல்லாமே பீசோ வகை. இங்க்கைச் சூடாக்கித் தெறிக்கவிடும் வேலை இவற்றில் இல்லை. மின்சாரம் பட்டதும் பீசோ தகடு மயிரிழை அசைந்து, இங்க் இருக்கும் சிறு அறையை அமுக்கும், துளி தெறிக்கும். அந்த அறைக்குள் காற்றுக் குமிழி புகுந்துவிட்டால் அமுக்கும் விசையைக் குமிழியே வாங்கிக்கொள்ளும், துளி வராது. மின்சாரம் போய்ச் சேராவிட்டாலும் துளி வராது. காகிதத்தில் இரண்டும் ஒரே வெள்ளை இடமாகத்தான் தெரியும். காற்றா, கரண்டா என்று பிரிக்கத் தெரிந்தவனுக்கு இந்தத் தொழிலில் முக்கால்வாசி வந்துவிட்டது.

மாட்டும் முன் டப்பாவைப் படியுங்கள். சிரிக்காதீர்கள், படிக்காமல் மாட்டுகிறவர்கள்தான் அதிகம். ஐ3200-ல் ஏ1 என்றால் தண்ணீர் இங்க்குக்கு, இ1 ஈகோ-சால்வென்ட்டுக்கு, யு1 யுவி இங்க்குக்கு. திருப்பூர் பக்கம் சப்ளிமேஷன் மெஷின் பார்த்துப் பழகிய ஒருவர் அவசரத்துக்குக் கையில் இருந்த ஏ1-ஐ ஃப்ளெக்ஸ் மெஷினில் மாட்டினால் அன்றைக்கு அது அடித்துவிடும். எத்தனை நாளைக்கு என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. டிஎக்ஸ்5 வாங்கினால் இன்னொரு தொல்லை. லாக் இல்லாதது, முதல் லாக், இரண்டாம் லாக் என்று சந்தையில் வகைகள் உண்டு. லாக் ஹெட்டுக்கு நடுவில் டிக்ரிப்ஷன் கார்டு வேண்டும். அது இல்லாமல் மாட்டிவிட்டு “ஒரு நாசில்கூட வரலை” என்று அழுதால் ஹெட் என்ன செய்யும்?

ஹெட்டின் மேல் ஒட்டியிருக்கும் எண்ணையும் போட்டோ எடுத்து வையுங்கள். ஹெட்டுக்கு ஹெட் வேண்டிய வோல்டேஜ் கொஞ்சம் மாறும். அதைச் சொல்வதுதான் அந்த எண். கம்பெனி மெஷின்களில் அதை சர்வீஸ் மென்பொருளில் ஏற்ற வேண்டும். மற்ற போர்டுகளில் வோல்டேஜைக் கூட்டிக் குறைக்க ஒரு கட்டம் இருக்கும். இதை மறந்தால் நாசில் செக் முத்து முத்தாக வரும். பேனர் மட்டும் வெளிறியிருக்கும், இல்லையென்றால் எழுத்து ஓரங்களில் புகைபோல இங்க் தூவியிருக்கும். வெளிறினால் வோல்டேஜ் குறைவு, தூவினால் அதிகம் என்று முதலில் சந்தேகப்படுங்கள்.

மூன்று காகிதம்

புது ஹெட்டுக்குள் அனுப்பும்போது நிரப்பிய பாதுகாப்பு திரவம் இருக்கும். அது முழுக்க வெளியேறி இங்க் நிறையும் வரை முதல் நாசில் செக் சோகையாகத்தான் இருக்கும். அதைப் பார்த்துப் பதறி வரிசையாகப் பத்து கிளீனிங் கொடுப்பதுதான் புதிதாக வருகிறவர்கள் செய்யும் முதல் தப்பு. கேப் சரியாக மூடாத மெஷினில் ஒவ்வொரு கிளீனிங்கும் காற்றைத்தான் உள்ளே இழுக்கும். பத்தாவது கிளீனிங் முடியும்போது முதலில் இருந்ததைவிட மோசமாக இருக்கும்.

மூன்று நாசில் செக் போதும். மாட்டியதும் ஒன்று, ஒரு கிளீனிங் கொடுத்துவிட்டு ஒன்று, இருபது நிமிடம் சும்மா விட்டு ஒன்று. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

வெள்ளை விழும் இடம் காகிதத்துக்குக் காகிதம் மாறினால் காற்று. மாறாமல் அதே நாசிலில் நின்றால் அடைப்பு, அல்லது அந்த நாசில் செத்தது. கிளீனிங் முடிந்ததும் எல்லாம் வந்து, இருபதாவது நிமிடத்தில் ஒரு கலர் மட்டும் ஓரத்திலிருந்து உதிர்ந்திருந்தால் அந்தக் கலரின் டேம்பரிலோ டியூப் இணைப்பிலோ காற்று கசிகிறது. சிவப்பு வர வேண்டிய இடத்தில் நீலம் வந்தால் டேம்பரை மாற்றிச் சொருகிவிட்டீர்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, நானும் செய்திருக்கிறேன். முழு வரிசையே இல்லை என்றால் கதை கொஞ்சம் நீளம், பின்னால் வருகிறேன்.

இன்னொரு வகை உண்டு. நாசில் செக் குறையே இல்லாமல் இருக்கும். பத்தடி பேனர் கொடுத்தால் மூன்றாவது அடியில் கறுப்பு சாம்பலாகிவிடும். ஹெட் நன்றாகத்தான் இருக்கிறது, குடிக்க இங்க் வரவில்லை. டேம்பருக்குள் இருக்கும் வடிகட்டி அடைத்திருக்கலாம், டியூப் கேரியரில் மடங்கியிருக்கலாம். அதையெல்லாம் பார்க்கும் முன் இங்க் பாட்டில் மூடியில் காற்றுத் துளை திறந்திருக்கிறதா என்று பாருங்கள். தூசி விழுகிறது என்று டேப் ஒட்டி மூடிவைத்த கடைகளை எண்ணிச் சொல்ல என் விரல்கள் போதாது.

ஈரம் பக்கம்

டேம்பரை மாட்டும்போது சிரிஞ்சால் மெதுவாக இங்க்கை இழுத்து, டேம்பர் முக்கால்வாசி நிறைந்த பிறகுதான் ஹெட்டின் முனையில் சொருக வேண்டும். காலி டேம்பரைச் சொருகிவிட்டு பம்ப் இழுத்துக்கொள்ளும் என்று விட்டால், அதில் இருந்த காற்று முழுக்க ஹெட் வழியாகத்தான் வெளியே போக வேண்டும். சொருகும்போது உள்ளே ரப்பர் வளையம் மடங்காமல் உட்கார்ந்ததா என்று விரல் உணர வேண்டும். அந்த “டுப்” என்ற சின்ன அசைவைப் பழகிக்கொள்ளுங்கள்.

சிரிஞ்ச் என்றதும் ஒரு எச்சரிக்கை. ஹெட்டுக்குள் திரவத்தைத் தள்ளும்போது கட்டை விரலின் பலத்தைக் காட்டாதீர்கள். அடைத்த வரிசையில் பலமாகத் தள்ளினால் உள்ளே இருக்கும் மெல்லிய படலம் கிழியும். பிறகு பக்கத்துக் கலரோடு கலந்து மஞ்சள் பச்சையாக வரும், அதற்கு வைத்தியம் கிடையாது. ஊறவைத்துக் காத்திருங்கள். அவசரம் பார்ட்டிக்குத்தான் இருக்கிறது, அடைப்புக்கு இல்லை.

அடுத்தது கேப். பழைய ஹெட்டுகளைக் கொன்றவர்களில் முதல் குற்றவாளி இதுதான் என்பது என் அனுபவம். சோதனை எளிது. கேப்பில் விளிம்பு வரை கிளீனிங் சொல்யூஷன் ஊற்றுங்கள். பம்ப் ஓடாதபோது அது அப்படியே நிற்க வேண்டும். பம்ப் ஓடியதும் சில நொடிகளில் காலியாக வேண்டும். நிற்காமல் வடிந்தால் கீழே கசிவு. பம்ப் ஓடியும் நின்றால் பம்ப் டியூப் அடைப்பு. இரண்டும் சரியாக இருந்தால் ஹெட்டைக் கேப்பின் மேல் நிறுத்தி, கேப்புக்குக் கீழே உள்ள டியூபில் சிரிஞ்சை மாட்டி இழுங்கள். கைக்குக் கனமாகப்பட்டு இங்க் வந்தால் மூடல் சரி. காற்று மட்டும் லேசாக வந்தால் கேப் உதடு ஹெட்டோடு பொருந்தவில்லை. புது ஹெட் மாட்டும்போது உயரம் அரை மில்லிமீட்டர் மாறியிருந்தாலும் இது நடக்கும். கேப்பின் உயரத்தைத் திருத்தாமல் விட்டால் ஒரே ராத்திரியில் புது ஹெட்டும் காயும்.

காய்வது பற்றி ஒரு வார்த்தை. முகூர்த்த மாதங்களில் ஹெட்டுகள் அவ்வளவு சாவதில்லை. மார்கழியில்தான் சாகின்றன. வேலை இல்லை என்று மூன்று நாள் மெஷினை ஆஃப் செய்து வைப்பார்கள். இன்னொன்று கரண்ட் கட். பாதி பேனரில் கரண்ட் போனால் ஹெட் நடுவழியில் திறந்து கிடக்கும். இருட்டில் டீ குடிக்கப் போகாமல், கேரேஜைக் கையால் தள்ளிக் கேப்பின் மேல் நிறுத்திவிட்டுப் போங்கள்.

கரண்ட் பக்கம்

இப்போது அந்த முழு வரிசைக்கு வருகிறேன். என் சொந்தக் கதையில்தான் இதைச் சொல்ல வேண்டும்.

மதுரையில் ஒரு கடை. தை மாதம், வெளியே மூன்று கல்யாண பார்ட்டி உட்கார்ந்திருக்கிறது. சயான் ஒரு வரிசை வரவில்லை. நான் தொழிலுக்கு வந்து இரண்டாவது வருடம், துணிச்சலுக்குக் குறைவில்லை. “ஹெட் போயிருச்சுண்ணே” என்றேன். முதலாளி வாங்கித் தந்தார், மாட்டினேன். அதே வரிசை இல்லை. விற்றவரைத் திட்டினேன், அவரும் வேறு ஹெட் அனுப்பினார். அதையும் மாட்டினேன். அதே வரிசை இல்லை. ராத்திரி மூன்று மணிக்கு, வேறு வழி தெரியாமல் ஃப்ளாட் கேபிளைக் கழற்றி போன் டார்ச்சில் பார்த்தேன். நுனியில் வரிசையாக இருக்கும் வெள்ளிக் கோடுகளில் இரண்டுக்கு நடுவே கடுகளவு காபி நிறக் கறை. எப்போதோ டேம்பர் கசிந்து, இங்க் கேபிள் வழியே இறங்கிக் காய்ந்திருக்கிறது. கேபிளை மாற்றியும் வரிசை வரவில்லை. அந்தக் கறை வழியாக ஷார்ட் ஆகி, கேரேஜ் போர்டில் அந்த வரிசைக்கான டிரைவர் முன்பே போய்விட்டிருந்தது. மறுநாள் போர்டு மாற்றியதும் வரிசை நிமிர்ந்து நின்றது.

ஏன் இப்படி ஆகிறது? இந்த ஹெட்டுகளில் பீசோவை ஓட்டும் மின்சாரம் 42 வோல்ட். அதே கேபிளில், மயிரிழை தள்ளி, 3.3 வோல்ட்டில் பேசும் சிக்னல் கோடுகள். நடுவில் ஒரு சொட்டு ஈரம் போதும், 42 தாண்டிப் போய் 3.3-ஐ அடித்துவிடும். ஹெட் போகும், அல்லது போர்டு போகும், சில நேரம் இரண்டும். கேபிள் ஒரு பக்கம் சாய்ந்து சொருகப்பட்டிருந்தாலும் இதே கதி. அதனால் பவரை அணைத்து, பிளக்கையும் பிடுங்கி, சில நிமிடம் காத்திருந்து, பிறகுதான் கேபிளைத் தொட வேண்டும். போர்டில் உள்ள கெபாசிட்டர்கள் அடங்க அந்த நேரம் வேண்டும். ஸ்விட்சை அணைத்த கையோடு கேபிளை உருவுகிற வீரர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு நாள் பிழைப்பார்கள், ஒரு நாள் மாட்டுவார்கள்.

அப்படியானால் வரிசை காணாமல் போனால் எப்படிப் பிரிப்பது? பஞ்சு உதிராத துணியில் கிளீனிங் சொல்யூஷன் லேசாக நனைத்து ஹெட்டின் கீழே வைத்து, ஹெட்டை அதன் மேல் மெல்ல உட்காரவிட்டு எடுங்கள். அழுத்தவோ தேய்க்கவோ கூடாது. துணியில் ஒவ்வொரு வரிசையும் ஒரு கோடாகப் பதியும். காணாமல் போன வரிசையும் கோடாகப் பதிந்தால் இங்க் நாசில் வரை வந்து நிற்கிறது, சுட ஆள் இல்லை. கேபிள், போர்டு, ஹெட்டின் மின்பகுதி என்ற வரிசையில் தேடுங்கள். பதியவில்லை என்றால் அது ஈரம் பக்கத்துப் பிரச்னை. மல்டிமீட்டரை வைத்துவிட்டு டேம்பரைப் பாருங்கள்.

கேபிள்தான் மலிவு, அதனால் முதலில் அது. கண்ணால் பாருங்கள், பிறகு மல்டிமீட்டரில் இரு முனைக்கும் தொடர்ச்சி பாருங்கள், பக்கத்துக் கோடுகள் ஒன்றையொன்று தொடுகின்றனவா என்றும் பாருங்கள். போர்டில் ஃபியூஸ் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு ஹெட் மெஷின் என்றால் ஹெட்டுகளை இடம் மாற்றிப் பார்க்கும் ஆசை வரும். குறை ஹெட்டோடு கூடவே போனால் ஹெட், இடத்திலேயே நின்றால் போர்டு. நல்ல சோதனைதான். ஆனால் ஷார்ட் வாடை இருக்கும்போது செய்யாதீர்கள். கெட்ட போர்டு நல்ல ஹெட்டைக் கொல்லும், கெட்ட ஹெட் நல்ல போர்டைக் கொல்லும்.

அப்படியே எர்த்தையும் பார்த்துவிடுங்கள். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே மல்டிமீட்டர் இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடச் சொல்லுங்கள். பிவிசி ஃப்ளெக்ஸ் உருளும் மெஷின் ஸ்டேட்டிக்கை உற்பத்தி செய்துகொண்டே இருக்கும். அது இறங்க வழி இல்லாவிட்டால் ஹெட் வழியாக இறங்கும். வாடகைக் கட்டடத்தில் எர்த் குழி கடைசியாக எப்போது தண்ணீர் பார்த்தது என்று யாருக்குமே தெரியாது.

எல்லாம் வந்தும் கோடு விழுகிறதே

நாசில் செக் சுத்தம், படத்தில் மட்டும் கோடு. இப்போது அளவீட்டுக்கு வாருங்கள். இதில் வரிசை முக்கியம். ஹெட் நேராக இருக்கிறதா, பிறகு போகும்போதும் வரும்போதும் ஒத்துப்போகிறதா, கடைசியாக ஸ்டெப். தலைகீழாகச் செய்தால் காலை வரை செய்துகொண்டிருக்கலாம்.

ஹெட் சாய்வாக உட்கார்ந்திருந்தால், மீடியா நகரும் திசையில் போட்ட மெல்லிய கோடு பாஸுக்குப் பாஸ் விலகி, படிக்கட்டு மாதிரி வரும். ஸ்க்ரூவைத் தளர்த்தி மயிரளவு திருப்ப வேண்டும். மென்பொருளில் சரிசெய்ய முடியாது, முயலவும் வேண்டாம். எழுத்துகளுக்கு இரட்டை ஓரம் வந்தால் பை-டைரக்‌ஷன் மாறியிருக்கிறது. நீங்கள் எந்த வேகத்தில், எந்த உயரத்தில் அடிக்கப்போகிறீர்களோ அதிலேயே டெஸ்ட் போடுங்கள். வேகம் மாறினால் துளி விழும் இடமும் மாறும். சம இடைவெளியில் வெள்ளைக் கோடு என்றால் மீடியா அதிகமாக நகர்கிறது, கறுத்த கோடு என்றால் குறைவாக நகர்கிறது. ஸ்டெப்பை ஒவ்வொரு மீடியாவுக்கும் தனியாகக் குறித்து வையுங்கள். ஸ்டார் ஃப்ளெக்ஸுக்குப் பொருந்தியது வினைலுக்குப் பொருந்தாது.

இவை மூன்றுக்கும் அடங்காமல் படம் திடீரென்று பக்கவாட்டில் எகிறினால், கேரேஜ் பிழை காட்டி நின்றால், என்கோடர் ஸ்ட்ரிப்பைப் பாருங்கள். ஹெட் மாற்றும்போது அந்த மெல்லிய பிளாஸ்டிக் நாடாவில் உங்கள் இங்க் கை பட்டிருக்கும். சென்சார் எண்ணும் கோடுகளுக்கு மேல் விரல் ரேகை. மென் துணியால் துடைத்தால் போதும். அதற்காக மதர்போர்டு வரை மாற்றிய கடை ஒன்றை எனக்குத் தெரியும்.

காசு பேச்சு

ஐ3200 போன்ற ஹெட்டின் விலை ஒரு ஆபரேட்டரின் சில மாதச் சம்பளம். அதனால் முதலாளியிடம் பேசும் முறையும் இந்த வேலையின் ஒரு பகுதி. ஹெட்டைத் தொடும் முன் பழைய ஹெட்டில் ஒரு நாசில் செக் எடுத்து, தேதி போட்டு, அவர் கண்முன் சுவரில் ஒட்டுங்கள். “ஹெட் மாத்தினா சரியாயிரும் சார்” என்று சொல்லாதீர்கள். “கேபிள், கேப், எர்த் மூணையும் பார்த்துட்டுத்தான் ஹெட்டைப் பத்திச் சொல்வேன் சார், அதுக்குத் தனியா இவ்வளவு ஆகும்” என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சோதனைக்குக் காசு கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் தேவையில்லாத ஹெட் விற்றுத்தான் பிழைக்க வேண்டியிருக்கும்.

ஒரு நோட்டு வையுங்கள். மெஷின், ஹெட் எண், வோல்டேஜ், அறை வெப்பம், என்ன மாற்றினோம், மாற்றியபின் என்ன வந்தது. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். டேம்பரையும் கேபிளையும் சேர்த்து மாற்றி மெஷின் ஓடிவிட்டால் அன்றைக்குச் சந்தோஷம்தான், ஆனால் எது சரிசெய்தது என்று உங்களுக்கே தெரியாது. அடுத்த கடையில் மறுபடி இரண்டையும் வாங்கச் சொல்வீர்கள். போனில் உதவி கேட்கும்போதும் “வரலைண்ணே” என்று மட்டும் சொன்னால் எனக்கு ஒன்றும் புரியாது. அந்த மூன்று காகிதத்தின் போட்டோவை அனுப்புங்கள், பாதி நேரம் வண்டி எடுக்காமலே முடிந்துவிடும்.

பழைய ஹெட்டைத் தூக்கி எறியாதீர்கள். கிளீனிங் சொல்யூஷன் ஏற்றி, நாசில் பக்கம் ஈரத் துணி வைத்து, பிளாஸ்டிக் டப்பாவில் மூடி வையுங்கள். மதுரைக் கடையில் போர்டு மாற்றிய அன்று மாலை, என் பையில் கிடந்த முதல் ஹெட்டை எடுத்து மாட்டிப் பார்த்தேன். கழுவியதும் ஒரு வரிசை குறையாமல் அடித்தது. முதலாளி காகிதத்தைப் பார்த்தார், மேஜையில் இருந்த இரண்டு புது ஹெட் டப்பாக்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “டீ சொல்லு” என்றார். அந்த ஹெட் அடுத்த தை வரை ஓடியது.